முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் தொடைத் தசைப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதலில் கற்றுத்தரப்படும் பயிற்சிகளுள் ஒன்று, மூட்டை அசைக்காமல் தொடையின் முன்புறத் தசையை இறுக்கிப் பிடிக்கும் ஐசோமெட்ரிக் பயிற்சி. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி, 5 முதல் 10 விநாடி பிடித்துவிட்டு முழுமையாகத் தளர்த்த வேண்டும். பார்க்க எளிதாக இருப்பதாலேயே, எண்ணிக்கையை முடித்தால் போதும் என்று பலர் அடுத்த கட்டத்துக்கு விரைகிறார்கள்.

நாட்காட்டியைப் பார்த்து முன்னேறுவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. மூட்டில் நீர் கோத்து வீங்கியிருக்கும்போது, அங்கிருந்து செல்லும் நரம்புச் செய்திகள் தொடைத் தசையின் இயக்கத்தை அனிச்சையாகவே அடக்கிவிடுகின்றன; நோயாளி எவ்வளவு முயன்றாலும் தசை முழுவதுமாக இறுகாது. இதைச் சோம்பல் என்று கருதுவது அநியாயம். வீக்கம் வடிந்து, இறுக்கும்போது முழங்கால் சில்லு தொடையை நோக்கி மேலேறுவது கண்ணுக்குத் தெரிந்த பிறகே காலை நீட்டித் தூக்கும் பயிற்சிக்குப் போகலாம். தூக்கும்போது முழங்கால் சற்றே மடங்கினால், தசை இன்னும் தயாராகவில்லை என்று பொருள்; அந்த நிலையில் எடை கட்டிக்கொள்வது கூடாது.

தொடைக்குப் பதிலாகப் பிட்டத்தை இறுக்குவதும் அடிக்கடி நேர்வது; தொடையின் உட்புறத்தில் விரல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் உயரும் என்பதால், விநாடிகளை வாய்விட்டு எண்ணுவது நல்லது.

முழங்காலை ஒரே கோணத்தில் வைத்து மாதக்கணக்கில் பயிற்சி செய்வதும் தவறே, ஏனெனில் ஐசோமெட்ரிக் பயிற்சியால் கிடைக்கும் வலிமை பெரும்பாலும் பயிற்சி செய்த கோணத்தையும் அதன் அருகையும் ஒட்டியே அமைகிறது. ஆகவே 90, 60, 30 பாகை எனப் பல கோணங்களில் செய்யச் சொல்வார்கள். ஆனால் முன்புறச் சிலுவைத் தசைநார் (மூட்டுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் ACL) சீரமைப்புக்குப் பின் தொடக்க வாரங்களில், கால் ஏறக்குறைய நீண்டிருக்கும் கோணங்களில் எடைக்கு எதிராக உதைப்பது அறுவையில் புதிதாகப் பொருத்திய ஒட்டுத் தசைநாரை இழுக்கும். எனவே எந்தக் கோணம், எவ்வளவு விசை என்பதை அறுவை மருத்துவரும் இயன்முறை மருத்துவரும்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓய்வின்போது சுகமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ள வேண்டாம். கால் முழுதாக நீளாமல் மடங்கியே இறுகிவிடக்கூடும். பயிற்சிக்கு மறுநாள் வீக்கமோ வலியோ கூடியிருந்தால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் தோன்றினால் அது இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம் என்பதால், பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பாருங்கள்.