மணலிலும் உப்புத் தண்ணீரிலும் வண்டியை வதைக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் வல்லிபுரம் தாண்டி மணற்காட்டுப் பக்கம் போனால், சவுக்கங்காட்டு ஓரத்தில் அச்சு வரை புதைந்த ஒரு பஜெரோ ஜீப்பையோ டபிள் கப் பிக்கப்பையோ சில வேளை காணலாம். நாலைந்து பேர் நின்று தள்ளுவார்கள். உள்ளே இருப்பவர் அக்சிலேற்றரை விடாமல் மிதித்துக்கொண்டிருப்பார். அந்த மிதிதான் வண்டியைப் புதைக்கிறது.

சில்லு வெறுமனே சுழலத் தொடங்கினால் வண்டி முன்னே போகாது, கீழேதான் இறங்கும். ஒரு சுற்று சுழன்றதுமே காலை எடுத்துவிட்டால், வந்த தடத்திலேயே றிவேர்ஸில் வெளியே வந்துவிடலாம். இன்னும் இரண்டு நிமிடம் மிதித்தால் அச்சின் நடுவில் பற்சில்லுகள் இருக்கும் டிபரன்சியல் கூடு மணலில் குந்திவிடும். பிறகு மண்வெட்டிதான். கிளச் கருகும் மணத்தை ஒரு தடவை மோந்தவர்களுக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை.

புதைவதற்குப் பெரும்பாலும் காரணம், காற்றைக் குறைக்காமல் மணலில் இறங்குவது. தார் வீதியில் 32, 35 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஓடும் ரயரை 18 அளவுக்கு இறக்கிப் பாருங்கள், ரயர் நீளவாக்கில் படிந்து மிதக்கும். வெறுங்காலோடு மணலில் நடப்பதற்கும் குதி உயர்ந்த செருப்போடு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது. 15க்குக் கீழே போனால் வளைவில் ரயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். சரி, திரும்பும்போது? கையில் ஒரு கொம்பிரசர் இருக்க வேண்டும். அதே காற்றோடு பருத்தித்துறை வீதியில் வேகமாக ஓடினால் ரயர் சூடேறி வெடிக்கும். காய்ந்த தார் வீதிக்கு ஏறியதும் பழைய ஜீப்களில் நாலு சில்லு இழுவையையும் கழற்றிவிடுங்கள்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து நாங்களும் அப்படியே ஓட்ட நினைக்கிறோம். அங்கே பல வேளை புது வண்டி, பக்கத்தில் உதவிக்கு இன்னொரு வண்டி. இங்கே 2020இலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால், 20, 30 வருடப் பழைய வண்டியைத்தான் பலரும் போற்றிப் பாதுகாத்து ஓட்டுகிறோம். ஒரு அச்சு முறிந்தால் பாகம் தேடிக் கொழும்பு வரை போக வேண்டும்.

புதைந்த வண்டியை இழுக்கும்போது நடக்கும் தவறு உயிரையே எடுக்கும். பின்னால் ட்றெய்லர் கொழுவும் உருண்டை இரும்புக் குண்டில் ஒருபோதும் கயிற்றைக் கட்டாதீர்கள். திடீரென்று வெட்டி இழுக்கும்போது அது முறிந்து துவக்குச் சன்னம்போலப் பறக்கும். வண்டியின் சேசிஸ் சட்டத்தோடு பூட்டிய கொழுவியில் மட்டும் கட்டுங்கள். கயிற்றின் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போடுங்கள், அறுந்தால் வேகத்தைக் குறைக்கும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைக் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் விலக்கி நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் யாரும் இழுக்கத் தொடங்கினால் நான் சத்தம் போட்டே நிறுத்துவேன்.

அப்புறம் கடல்நீரேரி. கிளாலிப் பக்கம் ஒருமுறை, முழங்கால் தண்ணீர்தானே என்று இறக்கினேன். வண்டி அழகாகக் கடந்தது. மூன்று வாரம் கழித்து கராஜில் பின் டிபரன்சியலைத் திறந்தபோது ஒயில் பால்தேநீர் நிறத்தில் வடிந்தது. பெயரிங்கில் துரு ஏறியிருந்தது. ஓடிச் சூடேறிய இரும்புக் கூடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கி, சீல் வழியாகவும் கூட்டுக்குள் காற்றுப் போய்வரும் மூச்சுக்குழாய் வழியாகவும் நீரை உறிஞ்சிவிடுகிறது. அந்தக் குழாயை உயரத்துக்கு நீட்டிக் கட்டுங்கள். இறங்குமுன் கால் மணித்தியாலம் ஆறவிடுங்கள். ஆழத்தை நடந்து பாருங்கள். காற்று உறிஞ்சும் வாய்க்குள் தண்ணீர் போனால் டீசல் எஞ்சினில் பிஸ்டனைப் பிடிக்கும் கொன்றொட் தண்டு வளைந்துவிடும்.

நீர் வற்றிய கோடையிலும் ஏமாறாதீர்கள். மேலே உப்புப் பொருக்கு, கீழே களி. அன்று மாலையே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீர் அதற்கு உதவாது.

முகமாலை, சுண்டிக்குளம் பக்கம் புதுத் தடம் பிடிக்கவே வேண்டாம். போர்க்காலக் கண்ணிவெடிகள் பரவலாகக் கிடந்த நிலம் அது. மண்டையோட்டுப் பலகை கண்ணில் படாவிட்டாலும் ஊரார் ஓடும் தடத்தை விட்டு விலகாதீர்கள். மணற்காட்டிலும் தடத்தை விட்டு விலகாதீர்கள், அங்கே காரணம் வேறு. மணல் மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடி. அதன்மேல் சில்லு ஏறி வேர் அறுந்தால், அடுத்த வாடைக் காற்றுக்கு அந்த மணல் பறக்கத் தொடங்கிவிடும்.