வீடும் பள்ளியும் சேர்ந்தே செய்யும் தவறுகள்

பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ பிள்ளை படிக்கும் வீட்டுக்குப் பள்ளியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தால், பெரும்பாலும் அது மதிப்பெண் குறைந்த செய்தியாகவோ புகாராகவோதான் இருக்கும். இவை இரண்டும் இல்லாத நாள்களில் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் தூதுவர் அந்தப் பிள்ளையே. தன்னைப் பற்றிய குற்றச்சாட்டைத் தானே சுமந்துபோய்க் கையெழுத்து வாங்கி வர வேண்டிய நிலையில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை, எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறது. மற்றத் தவறுகளில் பலவும் இந்த ஏற்பாட்டிலிருந்தே தொடங்குகின்றன.

அவற்றுள் மிகப் பழையது, ஒரே தவறுக்கு இரண்டு இடத்திலும் தண்டிப்பது. வகுப்பில் நிற்க வைக்கப்பட்ட பிள்ளை, அதே காரணத்துக்காக மாலையில் வீட்டிலும் ஏச்சு வாங்குகிறது. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார்" என்று ஆசிரியரிடம் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. சொல்பவர்கள் அதை ஆசிரியர் மீதுள்ள மரியாதையாக நினைக்கிறார்கள், கேட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கோ தன் பக்கம் ஒருவரும் இல்லை என்றே பொருள்படுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. பெற்றோர் வாய்மொழியாகத் தரும் அனுமதியால் அந்தத் தடை விலகிவிடாது. பள்ளியில் முடிந்துபோன ஒன்றை வீட்டில் மீண்டும் விசாரிக்காமல், "இன்று என்ன நடந்தது, நீ சொல்" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாலே போதும்.

மதிப்பெண்ணைப் பொதுவில் வைப்பதும் இதற்கு நெருங்கிய உறவுள்ள தவறுதான். பொதுத்தேர்வில் மாநில அளவிலான முதலிடங்களை அறிவிக்கும் முறையைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. ஆனால், மாதத் தேர்வின் முழுப் பட்டியலையும் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போடும் பள்ளிகள் இருக்கின்றன. அதைப் போடச் சொல்லி வற்புறுத்தும் பெற்றோர்களும் இருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிள்ளை நம்பிச் சொன்னதை எப்படிக் கையாள்வது என்பதில்தான் நல்ல ஆசிரியர்களும் தடுமாறுகிறார்கள். ஒரு மாணவி தன் மனத்தாங்கலைச் சொன்ன அன்று மாலையே அவளுடைய தந்தைக்குச் செய்தி போய்விட்டால், அவள் இனி எந்த ஆசிரியரிடமும் வாய் திறக்க மாட்டாள். நட்பு முறிவு, பாடப்பிரிவு பிடிக்காமை, உடலைப் பற்றிய கூச்சம் போன்றவற்றை, "இதை வீட்டில் யாரிடம், எப்படிச் சொல்லலாம்?" என்று அவளையே கேட்டு, அவள் ஒப்புதலோடு கொண்டுசெல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் ரகசியம் காக்க இயலாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மையானது.

பாலியல் துன்புறுத்தல் என்றால் கணக்கே வேறு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, அதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது 21ஆம் பிரிவின் கீழ் தண்டனைக்குரிய குற்றம். பள்ளியின் பெயர் கெடும் என்று நிர்வாகமும், குடும்ப மானம் போகும் என்று உறவினரும் கூடிப் பேசி முடித்துக்கொள்வது, இரு தரப்பும் இணைந்து செய்யும் தவறுகளிலேயே கொடியது. குற்றம் வீட்டுக்குள் நடந்திருக்கக்கூடும் என்று தோன்றினால் முதல் அழைப்பு வீட்டுக்குப் போகக் கூடாது. குழந்தைகளுக்கான 1098 என்ற எண் அதற்காகவே இருக்கிறது.

தூக்கத்தைப் பற்றி ஒரு சொல். பதின்பருவத்தில் உடலின் கடிகாரம் இயல்பாகவே பின்னோக்கி நகர்வதால், இந்த வயதினருக்கு இரவில் வழக்கத்தைவிடத் தாமதமாகவே தூக்கம் வருகிறது. தேவையோ எட்டு முதல் பத்து மணி நேரம். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் டியூஷன், அதன்பின் வீட்டுப்பாடம் என்று மூவரும் தனித்தனியாக நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு, பழியை மட்டும் கைப்பேசியின் மேல் போடுகிறோம். கைப்பேசிக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் ஒரு நாளை மணிவாரியாக ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், எதைக் குறைக்கலாம் என்பது இரு தரப்புக்கும் புரியும்.

மனநல மருத்துவரிடம் போவதைப் பள்ளியிடமிருந்து முழுமையாக மறைக்கும் குடும்பங்களின் அச்சம் நியாயமானதே. ஆனால், சில மருந்துகள் தொடக்க வாரங்களில் மயக்கம் தரும் என்பதை அறியாத ஆசிரியர், தூங்குமூஞ்சி என்று வகுப்பின் முன்னால் திட்டிவிடுகிறார். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "சிகிச்சை நடக்கிறது, காலையில் சற்றுச் சோர்வாக இருப்பான், ஒரு மாதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று வகுப்பாசிரியர் ஒருவரிடம் மட்டும் சொன்னால் போதுமானது. பள்ளியும், சேட்டை செய்தவனை ஆலோசகரிடம் அனுப்புவதைத் தண்டனைபோல் அறிவிக்கக் கூடாது. அப்படி அறிவித்தபின் உண்மையில் தேவைப்படுகிறவர்கள் அந்த அறைப்பக்கமே போக மாட்டார்கள்.

சாப்பாட்டு டப்பா தொடப்படாமல் இருப்பதைப் பள்ளி பார்க்கிறது. இரவில் கதவைச் சாத்திக்கொள்வதை வீடு பார்க்கிறது. இரண்டும் சேராதவரை, இந்த வயதில் இதெல்லாம் சகஜம் என்றே தோன்றும். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு மாற்றம் நீடித்தால் யாராவது ஒருவர் மற்றவரை அழைத்துக் கேட்க வேண்டும். சாக வேண்டும் என்பதுபோல ஒரு பிள்ளை பேசினால், அதைப் பற்றி நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. அந்த நேரத்தில் பிள்ளையைத் தனியே விடாமல், 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம்.

தேர்வு முடிவு வரும் நாளில், வெற்றி பெற்றவர்களை வாழ்த்தவே பள்ளிக்கு நேரம் சரியாகிவிடுகிறது. அன்று முதலில் அழைக்கப்பட வேண்டியவை, தோல்வியடைந்த பிள்ளைகளின் வீடுகள். எண்ணிப் பார்த்தால் ஒரு வகுப்புக்கு நான்கைந்து அழைப்புகளுக்கு மேல் இருக்காது. துணைத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், அதில் தேறினால் அதே ஆண்டிலேயே மேற்படிப்பில் சேர முடியும் என்பதை வகுப்பாசிரியரே சொல்லிவிட்டு, பிள்ளையிடமும் இரண்டு நிமிடம் பேசிவிட்டுத்தான் தொலைபேசியை வைக்க வேண்டும்.