அவுரி இலையை ஸ்காட்லாந்து வியாபாரிக்கு விற்பது எப்படி?

ஐரோப்பிய மருந்துச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்று திருநெல்வேலியின் பெயரிலேயே விற்கும் இலை, நம் பக்கத்து அவுரிதான். நீலச்சாய அவுரி வேறு. அதனால் இன்வாய்ஸில் சென்னா என்றே எழுதுங்கள்.

இலையை நிழலில் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி புரட்டி உலர்த்துங்கள். குவித்துப் போட்டால் புழுங்கிக் கறுத்துவிடும். ஈரம் 10 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகே பேல் (அழுத்திக் கட்டிய மூட்டை) அடிக்க வேண்டும். பெரிய பகை களைதான். கிலுகிலுப்பைச் செடி கலந்தால் அதன் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நச்சு ஆய்வகத்தில் பிடிபடும், மொத்தச் சரக்கும் நிராகரிக்கப்படலாம். உலர்ந்து நொறுங்கிய பின் பொறுக்க முடியாது, வயலிலேயே பிடுங்கிவிடுங்கள்.

வாங்குபவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்துகொண்டு ஐரோப்பா முழுக்க விற்பவர் என்றால், சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது என்று முதலில் கேளுங்கள். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் தனித்தனிச் சுங்க எல்லைகள். பிரிட்டனில் இறக்கி ஜெர்மனிக்கு அனுப்பினால் சுங்க வேலை இரட்டிப்பு, காலமும் வீண். ஜெர்மனிப் பங்கைத் தூத்துக்குடியிலிருந்து ஹாம்பர்க்குக்கே தனியாகப் பதியச் சொல்லுங்கள். சரக்கை அடுக்கும் மரப் பேலட்டில், பூச்சி நீக்கப் பதப்படுத்திய மரம் என்று காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை கட்டாயம்.

பணம் எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) வழியாக என்றால், அதில் வேறு கெடு சொல்லாதவரை, சரக்கு கப்பலேறிய 21 நாளுக்குள் ஆவணங்கள் வங்கிக்குப் போக வேண்டும், எல்.சி. காலாவதி முந்தினால் அதற்குள். பில் ஆஃப் லேடிங்கின் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) எடையும் இன்வாய்ஸ் எடையும் முரண்பட்டால் வங்கி பணத்தை நிறுத்திவிடும்.