கிளட்ச் கேபிளை வீட்டிலேயே மாற்றுவது: உப்புக்காற்றில் வண்டி ஓட்டுபவர்களுக்கு

போன மாதம் ஒரு சாயங்காலம் மண்டபத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் கிளட்ச் லிவர் நறநறவென்று ஏதோ அறுபடுவதுபோல் இழுத்தது. பாலம் இறங்கி வண்டியை ஓரங்கட்டி, லிவர் பக்கத்து ரப்பரை ஒதுக்கிப் பார்த்தேன். கேபிள் நுனியில் இருக்கும் ஈயக்குண்டை ஒட்டி இழைகள் துடைப்பம்போல் விரிந்து நின்றன. விரலை வைத்ததும் ஒன்று குத்தியது. அறுபடாமல் மிஞ்சியிருந்தவை 4 இழைகள்தான். முடிந்தவரை கிளட்சைத் தொடாமல், ஒரே கியரில் தங்கச்சிமடம் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் நானே மாற்றினேன். 2 மணி நேரம் ஆனது, அதுவும் தப்பாகத்தான் முடிந்தது. அதற்கப்புறம் அண்ணன் வண்டிக்கும் பக்கத்து வீட்டு வண்டிக்கும் மாற்றியாயிற்று. இப்போது முக்கால் மணி நேரம் போதும். என் வண்டி ஸ்பிளெண்டர். 100, 125 சிசி வண்டிகள் பெரும்பாலானவற்றுக்கும் வேலை இதேதான். ஸ்பேனர் அளவும் கேபிள் போகும் பாதையும் மாறலாம்.

நம் பக்கம் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது?

1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தை ஆண்டு முழுக்கச் சுரண்டியும் பெயிண்ட் அடித்தும் காப்பாற்ற வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. அதே காற்றில்தான் நம் வண்டியும் நிற்கிறது. கேபிள் இழைகளுக்கு இருக்கும் காப்பு ஒரு மெல்லிய துத்தநாகப் பூச்சு மட்டும். உப்பு படிந்த இடம் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழை இல்லாத மாதத்திலும் துரு நிற்காது.

ஆனால் என் கேபிளைக் கொன்றது துரு மட்டும் இல்லை. லிவரைப் பிடிக்கும்போது ஈயக்குண்டு அதன் குழிக்குள் லேசாகச் சுழல வேண்டும். குழி காய்ந்து உப்புப் பூத்துப்போனால் குண்டு சுழலாது. அதற்குப் பதில் வயர் அந்த இடத்தில் மடங்கி நிமிரும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளட்ச் பிடிக்கிறோம்! கம்பியைக் கையால் மடக்கி மடக்கி ஒடிப்பதும் இதுவும் ஒன்றுதான். அதனால்தான் முக்கால்வாசிக் கேபிள் குண்டுப் பக்கத்திலேயே விடுகிறது.

வாங்கும்போது

வண்டியின் மாடலையும் ஆண்டையும் சொல்லி வாங்குங்கள். பழைய கேபிளைக் கழற்றியதும் புதியதை அதன் பக்கத்தில் நீட்டி வைத்து, வெளி உறையின் நீளம், உள்ளே ஓடும் வயரின் நீளம், இரண்டு முனைகளின் வடிவம் மூன்றையும் ஒப்பிடுங்கள். விலை குறைந்த டூப்ளிகேட் கேபிளை நான் வாங்க மாட்டேன். மிச்சமாகும் காசு, ஒரு நாள் நடுவழியில் நின்றால் போய்விடும்.

வேலைக்குத் தேவையானவை: 10-11, 12-13 ஸ்பேனர்கள், ஒரு பிளேயர், கொஞ்சம் கிரீஸ், இஞ்ஜின் ஆயில், இன்சுலேஷன் டேப், 2 மீட்டர் தங்கூசி (தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு). ஸ்க்ரூ ஸ்பேனரை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். துருப்பிடித்த நட்டில் அது வழுக்கி முனைகளை மொழுக்கிவிடும், அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. நட்டு அசையவில்லையென்றால் டீசல் 2 சொட்டு விட்டு, அரை மணி நேரம் கழித்துத் திருகுங்கள்.

கழற்றுவது

இஞ்ஜின் ஆறியிருக்கட்டும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கேபிள் போகும் பாதை முழுவதையும் செல்போனில் படம் எடுங்கள். மேலிருந்து ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஹேண்டிலை இடமும் வலமும் ஒடித்து ஒவ்வொன்று.

லிவர் பக்கத்தில், கேபிளை இறுக்கவும் தளர்த்தவும் இருக்கும் திருகுதான் அட்ஜஸ்டர்; அதை அசையாமல் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகுங்கள். அடுத்து இஞ்ஜின் பக்கம், பிராக்கெட்டில் இருக்கும் 2 நட்டுகளைத் தளர்த்தினால் கேபிள் தொய்ந்துவிடும். கீழ் முனையைக் கிளட்ச் கையிலிருந்து (இஞ்ஜின் பக்கம் கேபிள் இழுக்கும் சிறிய நெம்புகோல்) கழற்றுங்கள். மேலே அட்ஜஸ்டர், லாக் நட், லிவர் பிடிப்பு மூன்றிலும் ஒரு வெட்டு இருக்கும். மூன்று வெட்டும் ஒரே கோட்டில் வரும்படி திருப்பினால் வயர் அதன் வழியாக வெளியே வரும், குண்டும் குழியிலிருந்து கீழே இறங்கும். வரவில்லையென்றால் வெட்டுகள் நேராக இல்லை என்று பொருள். பிளேயரால் இழுக்க வேண்டாம்.

இப்போதுதான் முக்கியமான இடம். நான் முதல் தடவை பழைய கேபிளை அப்படியே உருவி எறிந்துவிட்டுப் புதியதைக் கண்ணளவில் ஓட்டினேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால் போக வேண்டியதை முன்பக்கமாக விட்டிருக்கிறேன். நேராக ஓட்டியவரை எந்தக் குறையும் தெரியவில்லை. குந்துகால் போகும் வழியில், பின்னால் மகள் உட்கார்ந்திருக்க, மணல் ஓரத்தில் வண்டியை முழுக்க ஒடித்துத் திருப்பினேன். கேபிள் இறுகிக் கிளட்சைத் தானே பிடித்துவிட்டது. இஞ்ஜின் உறுமுகிறது, சக்கரத்துக்கு இழுவை இல்லை. வண்டி மணலில் சாய, காலை ஊன்றி எப்படியோ நிறுத்தினேன். எதிரே லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

இதற்குத்தான் தங்கூசி. கழற்றிய பழைய கேபிளின் கீழ் முனையில் அதை இறுக்கிக் கட்டி, முடிச்சின்மேல் டேப் சுற்றுங்கள். பிறகு கேபிளை மேலிருந்து மெதுவாக உருவுங்கள். அது போன பாதை முழுவதும், டேங்குக்கு அடியில், கம்பி வளையத்துக்குள் எல்லாம், தங்கூசி ஓடி நிற்கும். மேலே வந்த நுனியைப் புதிய கேபிளின் கீழ் முனையில் கட்டி, கீழிருந்து இழுத்தால் கேபிள் அதே தடத்தில் வந்து உட்காரும். நூல் நடுவில் அறுந்துவிடும்; தங்கூசி அறுவதில்லை.

மாட்டுவது

மாட்டும் முன் புதிய கேபிளை ஒரு ஆணியில் தொங்கவிட்டு, மேல் முனையில் பாலிதீன் தாளைக் கூம்பாகச் சுற்றிக் கட்டி, அதில் ஒரு ஸ்பூன் இஞ்ஜின் ஆயில் விடுங்கள். ராத்திரிக்குள் கீழ் முனையில் சொட்டும். உள்ளே நைலான் குழாய் வைத்த கேபிளென்றால் இது தேவையில்லை. கெட்டிக் கிரீஸை உறைக்குள் திணிக்காதீர்கள்; கச்சான் காற்று அள்ளி வரும் மணல் அதில் ஒட்டி உப்புத்தாள்போல் தேய்க்கும். கிரீஸ் வைக்க வேண்டிய இடம் குண்டும் அதன் குழியும்தான். அங்கே தாராளமாக வையுங்கள்.

மேல் முனையை முதலில் மாட்டி, கிளட்ச் கையைக் கையால் தள்ளிப் பிடித்துக் கீழ் முனையைக் கோக்கவும். பிராக்கெட் நட்டுகளைக் கொண்டு முக்கால் பங்கு சரிசெய்து, மீதியை மேல் அட்ஜஸ்டரில் செய்யுங்கள். லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை வெறுமனே ஆட வேண்டும். ஆட்டம் இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் பிளேட் வழுக்கித் தேயும். அதிகம் விட்டால் கியர் விழாது, நியூட்ரல் கிடைக்காது.

கடைசியாக அட்ஜஸ்டரின் வெட்டு லிவர் பிடிப்பின் வெட்டுக்கு நேராக நிற்காதபடி திருப்பி, லாக் நட்டை இறுக்குங்கள். நேராக நின்றால் வயர் வெளியே நழுவும், மழைத்தண்ணீரும் இறங்கும்.

இனி சோதனை. இஞ்ஜின் ஓடட்டும், நியூட்ரலில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடியுங்கள். இரண்டு முனையிலும் லிவரின் ஆட்டம் மாறாமல் இருந்தால்தான் கேபிள் சரியான பாதையில் போகிறது. புதிய கேபிள் சில நாளில் கொஞ்சம் இளகும், மறுபடி ஒருமுறை சரிசெய்துகொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: சாயல்குடியிலிருந்து ஒருவர், புதிய கேபிள் மாட்டியும் லிவர் கல்லுப்போல் இருக்கிறது என்று எழுதியிருந்தார். கேபிளைக் கீழே கழற்றிவிட்டு லிவரை மட்டும் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். அப்போதும் இறுக்கம்தான். லிவர் சுழலும் போல்ட் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டினார், சரியாகிவிட்டது. லிவர் இலகுவாக இருந்தும் இறுக்கம் போகவில்லையென்றால் கோளாறு இஞ்ஜின் பக்கத்துக் கிளட்ச் கையில் இருக்கும். அதை மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள், கவர் பிரிக்க வேண்டிவரும்.