வீட்டுக் கணினியில் ட்ரோஜன் புகுந்துவிட்டதா? கண்டுபிடித்து நீக்கும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்தில் பல வீடுகளில் ஒரே கணினியில்தான் எல்லாம் நடக்கிறது. பிள்ளைகளின் பாடம், கோயம்புத்தூர் வேலைக்கான பயோடேட்டா, கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவுக்குக் கொண்டுபோகும் சான்றிதழ் ஸ்கேன்கள், வங்கிக் கணக்கு எல்லாமே அதில் இருக்கும். அதனால் நல்ல கோப்பு மாதிரி வேடம் போட்டு வரும் ட்ரோஜன் என்ற தீய மென்பொருள் நுழைந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் ஆபத்து.

வைரஸ் மாதிரி ட்ரோஜன் தானாகப் பரவாது, யாராவது திறந்தால்தான் வேலை செய்யும். கிராக் செய்த மென்பொருள், எங்கிருந்தோ இறக்கிய தமிழ் தட்டச்சு மென்பொருள், ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவ் ஆகியவை அது வரும் வழக்கமான வழிகள். விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது, அதற்காக வெளியே தேட வேண்டாம்.

ஒரு கோப்பு 'மார்க்லிஸ்ட்.பிடிஎஃப்' என்று தெரியும், ஐகானும் பிடிஎஃப் மாதிரியே இருக்கும். ஆனால் உண்மையான பெயர் 'மார்க்லிஸ்ட்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ'. கடைசியில் இஎக்ஸ்இ இருந்தால் அது ஆவணம் இல்லை, திறந்ததும் ஓடும் மென்பொருள். விண்டோஸ் கடைசிப் பகுதியை மறைத்துவிடுவதால் இந்த ஏமாற்று நடக்கிறது. விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் டிக் செய்யுங்கள். இனி முழுப் பெயரும் தெரியும்.

கணினி திடீரென மந்தமாவது, பிரவுசரின் முதல் பக்கம் மாறுவது, விண்டோஸோடு வரும் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் தானாக அணைந்து கிடப்பது எல்லாம் சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள். பாஸ்வேர்ட் திருடும் ட்ரோஜன் எந்த அறிகுறியும் காட்டாமலும் இருக்கலாம். சந்தேகம் வந்துவிட்டால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வைஃபையை அணைத்து, கேபிள் இருந்தால் உருவிவிடுங்கள். திருடியதை வெளியே அனுப்பவும் புது உத்தரவு வாங்கவும் ட்ரோஜனுக்கு நெட் வேண்டும்.

அடுத்து பாஸ்வேர்டுகள். இதைக் கைபேசியில்தான் செய்ய வேண்டும். பாதிக்கப்பட்ட கணினியில் புது பாஸ்வேர்டைத் தட்டினால் அதுவும் திருட்டுப் போகும். மின்னஞ்சலில் தொடங்குங்கள், ஏனென்றால் மற்றக் கணக்குகளை மீட்கும் சாவி அங்கேதான் இருக்கிறது. அப்புறம் வங்கி. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்துங்கள். நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதைக் காட்டும் குக்கீ என்ற சிறு பதிவைப் பிரவுசரிலிருந்து திருடியவர் பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே இருக்க முடியும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

இப்போது கணினிக்கு வருவோம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதியில் தெரியாத பெயர் இருந்தால் அதை வலது கிளிக் செய்து ஓபன் ஃபைல் லொகேஷன் கொடுங்கள். தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் டெம்ப் போல்டரில், அர்த்தமில்லாத பெயரோடு இருந்தால் டிசேபிள் செய்யுங்கள். கையால் அழிக்க வேண்டாம், அதை டிஃபெண்டர் பார்த்துக்கொள்ளும்.

ஸ்கேனுக்கு முன் பலரும் தவறவிடுகிற ஒரு இடம் உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று போய்ப் பாருங்கள். 'இந்த போல்டரைச் சோதிக்காதே' என்று ட்ரோஜனே தன் இடத்தை அங்கே எழுதி வைப்பதுண்டு. நீங்கள் சேர்க்காதது எதுவாக இருந்தாலும் நீக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் கணினி சுத்தம் என்றே காட்டலாம்.

சரி, இப்போது நெட்டைச் சேர்த்து டிஃபெண்டரை அப்டேட் செய்து, மறுபடி துண்டியுங்கள். ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஃபுல் ஸ்கேன் கொடுங்கள், சில மணி நேரம் ஆகலாம். முடிந்ததும் அதே இடத்தில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிடுங்கள், கணினி ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் ட்ரோஜன்களும் இதில் சிக்கும், ஏனென்றால் விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே சோதனை நடக்கிறது. சுமார் 15 நிமிடம் ஆகும். முடிவு ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் இருக்கும், அங்கே ரிமூவ் கொடுங்கள். பென் டிரைவ்களையும் தனித்தனியாக ஸ்கேன் செய்யுங்கள்.

இதற்கு நடுவே 'உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்' என்று பிரவுசரில் பெட்டி வந்தால் அழைக்காதீர்கள். அது மோசடி.

ட்ரோஜன் திரும்பத் திரும்ப வந்தால் ரீசெட், அதாவது விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் என் யோசனை. படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளி டிஸ்கில் எடுத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்டாலர் எதையும் எடுக்காதீர்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, ரீசெட் திஸ் பிசி என்று போய் ரிமூவ் எவ்ரிதிங் தேர்ந்தெடுங்கள். விண்டோஸை நெட்டிலிருந்து புதிதாக இறக்கும் க்ளவுட் டவுன்லோட் கொடுத்தால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகலாம். மலைப்பக்கம் மொபைல் நெட்டை நம்பியிருப்பவர்கள் வேறு இணைப்பு கிடைக்கும் இடத்துக்குக் கணினியைக் கொண்டுபோவது நல்லது. விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டன. கணினி தாங்குமானால் ரீசெட்டோடு சேர்த்து விண்டோஸ் 11-க்கு மாறிவிடுங்கள்.