மானியமா, கடனா? வன்னியிலிருந்து ஒன்ராறியோவுக்கு வந்த குடும்பங்களுக்கு

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால், கிராம சேவையாளரிடம் வருமானச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் ஒப்பம் பெற்று, மகாபொல புலமைப்பரிசிலுக்கோ பேர்சரி உதவிப்பணத்துக்கோ விண்ணப்பிப்பதோடு பெற்றோரின் அலைச்சல் பெரும்பாலும் முடிந்துவிடும். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கட்டணம் உண்டு. அதற்குக் கிடைக்கும் உதவிக்குப் பல பெயர்கள் உண்டு. அவற்றுள் எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே முதலில் அறிய வேண்டியது.

எங்கள் ஆட்கள் கடன் என்ற சொல்லுக்கு அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. போருக்குப் பின் நுண்கடன் கொடுத்தவர்கள் கிழமைதோறும் படலையில் வந்து நின்றதை வன்னிப் பெண்கள் மறக்கவில்லை. உறவுக்கார அக்கா ஒருவர், மகளின் படிப்புதவி பற்றி வந்த கடிதத்தில் 'லோன்' என்ற சொல்லைக் கண்டதும் அதை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். மூன்று கிழமை கழித்து நான் அதை விரித்துப் பார்த்தபோது, அந்த வரிக்கு மேலேயே 'கிராண்ட்' என்று ஒரு தொகை இருந்தது. அது மானியம், திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை.

ஓசாப் என்பது ஒன்ராறியோவின் மாணவர் உதவித் திட்டம். ஒரே விண்ணப்பத்திலேயே மத்திய அரசின் பணமும் மாகாண அரசின் பணமும் கணிக்கப்படும். மானியமும் கடனும் கலந்தே வரும். குடியுரிமை பெற்றவர், நிரந்தர வதிவிடம் பெற்றவர், அகதி எனப் பாதுகாப்பு வழங்கப்பட்டவர் ஆகியோர் விண்ணப்பிக்கலாம். அகதிக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு வராதவர்களுக்கு இது கிடைக்காது.

கடன் பகுதிக்கு நகையை அடைவு வைக்கவோ பிணையாள் தேடவோ வேண்டியதில்லை. முழுநேரம் படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. படிப்பு முடிந்து ஆறு மாதங்களுக்குப் பின்னரே தவணை தொடங்கும். 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசின் பங்குக்கு வட்டி அறவே நீக்கப்பட்டுவிட்டது. ஒன்ராறியோவின் பங்குக்குப் படிப்பு முடிந்தபின் வட்டி உண்டு; அந்த ஆறு மாதங்களிலும் அது ஏறும். வேலை கிடைக்காவிட்டால், அல்லது சம்பளம் குறைவாயின், திருப்பிச் செலுத்தல் உதவித் திட்டத்துக்கு விண்ணப்பித்துத் தவணையைக் குறைக்கலாம், சிலருக்கு அது பூச்சியமாகவும் ஆகலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மானியம் கைக்கு வந்தபின் கடனாக மாறுவதும் உண்டு. பிள்ளை இடையில் படிப்பை விட்டாலோ, விண்ணப்பத்தில் எழுதிய வருமானம் வரித் திணைக்களத்தின் கணக்கோடு பொருந்தாமற் போனாலோ அப்படி நேரலாம். ஆகவே ஒரு பாடத்தைக் கைவிடுமுன்னர் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் கேட்பது நல்லது. ஊரில் கிராம சேவையாளரின் சான்றிதழ் செய்த வேலையை இங்கே செய்வது 'நோட்டிஸ் ஒவ் அசெஸ்மன்ற்' எனும் வரிக் கணிப்புக் கடிதம். உழைப்பே இல்லாத ஆண்டிலும் தாயும் தகப்பனும் வரிப் படிவம் நிரப்பியிருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

'ஸ்கொலஷிப்' என்றதும் எங்களுக்குத் தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சைதான் நினைவுக்கு வரும். இங்கேயும் அது பெரும்பாலும் புள்ளிக்கோ வேறு திறமைக்கோ கொடுப்பது. 'பேர்சரி' தேவையைப் பார்த்துக் கொடுப்பது. இரண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பேர்சரிக்குப் பல கல்லூரிகளில் தனி விண்ணப்பம் உண்டு, ஓசாப் நிரப்பியதோடு அது தானாக வந்துவிடாது. 'வேர்க் ஸ்டடி' என்பது கல்லூரிக்குள்ளேயே பகுதிநேர வேலை. நூலகத்தில் நின்று உழைத்த சம்பளம், அவ்வளவுதான்.

வன்னியில் இருக்கும் தம்பியின் பிள்ளையை மாணவர் அனுமதியில் கூப்பிட நினைப்பவர்களும் இதை என்னிடம் கேட்பதுண்டு. அந்த அனுமதியில் வருபவருக்கு ஓசாப் கிடையாது, கட்டணமும் உள்ளூர் மாணவருடையதைவிடப் பல மடங்கு. கல்லூரி தானாகக் கொடுக்கும் புலமைப்பரிசில் எவ்வளவு, அது ஒரு வருடத்துக்கா எல்லா வருடத்துக்குமா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகுதான் ஊரில் காணி உறுதியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.