பழைய கேமரா வாங்கப் போகிறீர்களா? டார்ச்சோடு போங்கள்

செட்டிநாட்டு வீடுகளின் முகப்பையும் வளவையும் (உள்முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) படமெடுக்க ஆசைப்பட்டு, இணைய விளம்பரம் பார்த்துப் பழைய கேமரா தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பொருளைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் அனுப்பாதீர்கள். "இராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, கூரியரில் அனுப்புகிறேன்" என்பது ஊரறிந்த மோசடிப் பேச்சு. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ, பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள்.

முக்கியமானது லென்ஸ். கைபேசி டார்ச்சை ஒரு முனையில் அடித்து மறுமுனை வழியாகச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். இரண்டு மூன்று தூசுகள் இருந்தால் கவலையில்லை, படத்தில் தெரியாது. பிறகு லென்ஸின் துளையை எஃப் 16 என்ற சிறிய அளவில் வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். சென்சாரில், அதாவது ஒளியைப் படமாக்கும் பகுதியில், அழுக்கு இருந்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். வெளிச்சம் குறைந்த அறையிலும் இரண்டு படம் எடுத்துப் பாருங்கள். வளவின் உள்ளறைகளில் அதுதான் தேவைப்படும்.

கேமரா எவ்வளவு உழைத்திருக்கிறது என்று அறிய, ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை) எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்றும் கேளுங்கள். பில்லில் உள்ள வரிசை எண் கேமராவின் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள், அது திருட்டுப் பொருளாக இருக்கலாம். இணையத்தில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.